எலக்ட்ரீஷியன் ஆகணுமா? ஐ.டி.ஐ-யில் சேரும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு பல வீடுகளில் ஒரு விவாதம் ஆரம்பிக்கும். பையனோ பொண்ணோ, ‘நான் எலக்ட்ரீஷியன் படிக்கப் போறேன்’ என்பார்கள். ‘அதுக்கு எதுக்கு ரெண்டு வருஷம்? தெரிஞ்ச எலக்ட்ரீஷியன்கூட சைட்டுக்குப் போனா ஆறு மாசத்துல கத்துக்கலாம். கையில காசும் புழங்கும்’ என்று வீட்டில் பதில் வரும்.

இந்தப் பதிலில் பாதி உண்மை. சைட்டில் கிடைக்கிற வேகமும் கைப்பழக்கமும் எந்த வகுப்பறையிலும் கிடைக்காது. ஆனால், இது உயிரோடு விளையாடுகிற தொழில். ஒரு வேலையை எப்படிச் செய்யணும் என்பதோடு, ஏன் அப்படிச் செய்யணும் என்பதும் தெரிந்தாகணும். அந்த ‘ஏன்’தான் ஐ.டி.ஐ எனப்படும் தொழிற்பயிற்சி நிலையத்தில் கிடைக்கிறது. அங்கே யார் சேரலாம், என்ன கற்றுத் தருகிறார்கள், முடித்தால் எங்கே போகலாம்... பார்த்துவிடலாம்.

கூடவே போய்க் கத்துக்கிட்டா போதாதா?

இரண்டு உதாரணங்கள் பார்ப்போம். உங்கள் ஏரியாவிலேயே இவை நடந்திருக்கலாம்.

ஒரு வீட்டில் லைட், ஃபேனுக்காகப் போட்ட லைனில் புதிதாக 3,000 வாட்ஸ் கீசரை மாட்டுகிறார்கள். 3,000-ஐ 230 வோல்ட்டால் வகுத்தால் 13 ஆம்பியர். அந்த லைனில் இருப்பதோ 10 ஆம்பியர் எம்.சி.பி. கீசரைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் டிரிப் ஆகிறது. வந்தவர், ‘எம்.சி.பி வீக்கா இருக்கு’ என்று சொல்லி 32 ஆம்பியர் எம்.சி.பி-யை மாட்டிவிட்டுப் போகிறார். அதன் பிறகு டிரிப்பே ஆவதில்லை. வீட்டுக்காரருக்கும் சந்தோஷம். ஆனால், எம்.சி.பி இருப்பதே சுவருக்குள் ஓடும் ஒயரைக் காப்பாற்றத்தான். இப்போது ஒயர் தாங்காத அளவுக்கு லோடு ஏறினாலும் தடுக்க ஆள் இல்லை. ஒயர் சூடாகி, மேல்தோல் இளகி, ஒருநாள் தீப்பிடிக்கலாம்.

இரண்டாவது இன்னும் ஆபத்தானது. பழைய வீட்டில் மூணு பின் பிளக் பாயின்ட் இருக்கும், எர்த் ஒயர் வந்திருக்காது. வாஷிங் மெஷினைத் தொட்டால் ‘சுர்’ரென்கிறது. அதற்குச் சிலர் செய்யும் குறுக்கு வழி, சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு சின்ன ஒயரால் இணைத்துவிடுவது. அப்போதைக்கு ஷாக் அடிப்பது நின்றுவிடும். என்றைக்காவது மெயினுக்கும் அந்த சாக்கெட்டுக்கும் நடுவே நியூட்ரல் ஒயர் அறுந்தால், மெஷினின் மொத்த பாடியிலும் 230 வோல்ட் வந்து நிற்கும். ஈரக்கையோடு தொடுகிறவரின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

இரண்டிலும் வேலை செய்தவர் கெட்டவர் இல்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்படிச் செய்தார், இவரும் செய்தார். முறையான பயிற்சி வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

எலக்ட்ரீஷியனா, வயர்மேனா?

ஐ.டி.ஐ-யில் இந்தத் துறைக்கு முக்கியமாக இரண்டு பிரிவுகள். அங்கே பிரிவை ‘டிரேடு’ என்பார்கள்.

எலக்ட்ரீஷியன் டிரேடுக்கு, அறிவியல், கணிதத்துடன் பத்தாம் வகுப்பு பாஸ் ஆகியிருக்க வேண்டும். வயர்மேன் டிரேடுக்கு எட்டாம் வகுப்பு பாஸ் போதும். இரண்டுமே இரண்டு வருடப் படிப்பு. வயரிங் வேலைதான் நோக்கம் என்றால் வயர்மேன் நல்ல தேர்வு. மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர், ஃபேக்டரி பேனல் என்று விரிவாகப் போக ஆசையிருந்தால் எலக்ட்ரீஷியன். பத்தாம் வகுப்பு பாஸ் செய்தவர் இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம் என்பதால், சேரும் முன்பே இந்த வித்தியாசத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

முதல் வருடம்: ‘கரன்ட் எங்க சார்?’

நாடு முழுக்க ஒரே பாடத்திட்டம். ஆண்டுக்கு 1,200 மணி நேரப் பயிற்சியில் 840 மணி நேரம் செய்முறை. ஒரு பேட்சுக்கு 20 பேர்.

முதல் சில வாரங்களில் நிறைய பேருக்கு ஏமாற்றமாக இருக்கும். ‘எலக்ட்ரீஷியன் படிக்க வந்தா, அரத்தைக் கையில கொடுத்து இரும்பை ராவச் சொல்றாங்களே’ என்று நொந்து, இந்தக் கட்டத்திலேயே நின்றுவிடுகிறவர்களும் உண்டு. அவசரப்படாதீர்கள். அளவு பார்ப்பது, அறுப்பது, துளை போடுவதெல்லாம் பின்னால் பேனல் போர்டு மாட்டும்போது அன்றாடம் தேவைப்படும்.

அதற்கும் முன்பே பாதுகாப்புப் பாடம் தொடங்கிவிடும். ஷாக் அடித்தவரைக் கையால் தொட்டு இழுக்காமல் முதலில் மெயினை ஆஃப் செய்வது, செயற்கை சுவாசம் கொடுப்பது, மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றாமல் எந்தத் தீயணைப்பானை எடுப்பது என எல்லாவற்றையும் செய்துகாட்டச் சொல்வார்கள். ஃபியூஸ் கேரியரைக் கழற்றித் தன் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் பழக்கம் இங்கேதான் வரணும். உயிர் காக்கும் ஆர்.சி.சி.பி 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும். 9 வாட்ஸ் எல்.இ.டி பல்பு எடுக்கும் கரன்ட்டே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரு மனிதரைச் சாய்க்க எவ்வளவு குறைந்த கரன்ட் போதும் என்பது புரிந்தவர், ‘சும்மா ஒரு நிமிஷ வேலைதானே’ என்று லைவ் லைனில் கைவைக்க மாட்டார்.

அடுத்து ஒயர் ஜாயின்ட், சால்டரிங், ஓம் விதி, சீரிஸ் - பேரலல் இணைப்பு, பேட்டரி, வீட்டு வயரிங், எர்த்திங் என்று போகும். உப்பும் கரியும் போட்டுக் குழி நிரப்பி, பைப் புதைத்து எர்த்திங் செய்வதோடு, அது சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்க்கவும் சொல்லித் தருவார்கள்.

இந்த அளந்து பார்க்கும் பழக்கம்தான் பயிற்சி பெற்றவரைத் தனியாகக் காட்டும். வயரிங் முடிந்ததும் பல்பு எரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புவது ஒரு ரகம். 500 வோல்ட் மெகர் வைத்து இன்சுலேஷன் குறைந்தது 1 மெகா ஓம் காட்டுகிறதா என்று பார்த்து, அதன் பிறகே சப்ளை கொடுப்பது இன்னொரு ரகம். உங்கள் வீட்டுக்கு யார் வரணும் என்று நினைப்பீர்கள்?

இரண்டாம் வருடம்: மோட்டார் முதல் சோலார் வரை

இரண்டாம் வருடத்தில் மெஷின்கள். மோட்டார் வைண்டிங், டி.ஓ.எல் ஸ்டார்ட்டர், ஸ்டார் - டெல்டா ஸ்டார்ட்டர், கன்ட்ரோல் பேனல், இன்வெர்ட்டர், யு.பி.எஸ், சப்-ஸ்டேஷன் உபகரணங்கள் எல்லாம் வரும். கிராமத்துப் பிள்ளைகளுக்கு இது நேரடியாகக் கைகொடுக்கும். மூன்று ஃபேஸில் ஒன்று போய்விட்டால் பம்ப்செட் மோட்டார் ஏன் கருகுகிறது, அதைத் தடுக்க ஸ்டார்ட்டரில் என்ன இருக்கணும் என்று தெரிந்தவருக்குச் சொந்த ஊரிலேயே வேலை இருக்கும். சோலார் பேனல் அமைப்பதும், மின்வாகன சார்ஜிங் பற்றிய பாடமும் இப்போது சேர்ந்திருக்கின்றன.

முடிவில் அகில இந்தியத் தொழிற்தேர்வு. தியரி கம்ப்யூட்டரில், செய்முறை பட்டறையில். பாஸ் ஆனால், தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். ‘என்.டி.சி’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

செலவு எவ்வளவு?

தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ-களில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையோடு சைக்கிள், சீருடை, ஷூ, புத்தகம், வரைபடக் கருவிகள், பஸ் பாஸ் எல்லாம் விலையில்லாமல் கிடைக்கும். 6-ம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்தவர் என்றால், மாணவிகளுக்குப் ‘புதுமைப் பெண்’, மாணவர்களுக்குத் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். இந்தத் திட்டங்கள் ஐ.டி.ஐ-க்கும் பொருந்தும் என்பது நிறைய பெற்றோருக்குத் தெரிவதில்லை.

தனியார் ஐ.டி.ஐ-களிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் உண்டு. கட்டணம் பற்றிப் பேசும் முன் அதைக் கேளுங்கள்.

சேரும் முன் இதையெல்லாம் பாருங்க!

* அங்கீகாரம் டிரேடு வாரியாகத் தரப்படுகிறது. நிலையத்துக்கு அங்கீகாரம் இருந்தால் போதாது. நீங்கள் சேரும் எலக்ட்ரீஷியன் டிரேடுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள்.

* பட்டறையை நேரில் பாருங்கள். மோட்டார்கள் ஓடும் நிலையில் இருக்கின்றனவா, மெகரும் மல்டிமீட்டரும் மாணவர் கைக்கு வருகின்றனவா, பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்களா என்று கவனியுங்கள்.

* படித்துக்கொண்டிருக்கும் இரண்டாம் வருட மாணவரிடம் பேசுங்கள். ‘கடைசியா என்ன செய்முறை செஞ்சீங்க?’ என்ற ஒரு கேள்வி போதும்.

* ‘கிளாஸுக்கு வர வேண்டாம், சர்டிஃபிகேட் வாங்கித் தர்றோம்’ என்று யாராவது சொன்னால், அந்தப் பக்கமே போகாதீர்கள். காகிதம் கையில் இருக்கும், கம்பத்தில் ஏறும்போது உதவாது.

முடிச்ச பிறகு?

உடனே தனியாகத் தொழில் தொடங்க ஆசை வரும். அதற்கு முன் ஓராண்டு அப்ரன்டிஸ் பயிற்சி எடுத்துவிடுங்கள். 1961-ம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி உதவித்தொகையோடு கிடைக்கும் பயிற்சி இது. பெரம்பூர் ஐ.சி.எஃப், நெய்வேலி என்.எல்.சி, திருச்சி பெல் போன்ற நிறுவனங்கள் அப்ரன்டிஸ்களை எடுக்கின்றன.

மின்வாரியத்தின் களப்பணி உதவியாளர், ரயில்வேயின் டெக்னீஷியன், உதவி லோகோ பைலட் பணிகளுக்கு எலக்ட்ரீஷியன் ஐ.டி.ஐ ஒரு தகுதி. போட்டித் தேர்வு உண்டு, வேலைக்கு உத்தரவாதம் கிடையாது. ஆனால், என்.டி.சி இல்லாமல் சைட்டில் மட்டும் வேலை கற்றவர் அந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்கவே முடியாது.

சொந்தமாக வயரிங் எடுத்துச் செய்ய, மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்றிதழ்களைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். விதிப்படி, மின் நிறுவல் வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர், தகுதிச் சான்றிதழ் பெற்றவரின் மேற்பார்வையில்தான் செய்யணும்.

மேலே படிக்கணும் என்றால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு டிப்ளமோவில் சேரலாம். பத்தாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ முடித்தவர், ப்ளஸ் டூ தமிழ், ஆங்கிலத் தேர்வுகளை எழுதி பாஸ் ஆனால், ப்ளஸ் டூ-வுக்கு இணையான சான்றிதழும் பெறலாம்.

ஏற்கெனவே பல வருடமாக சைட்டில் வேலை செய்கிறவரா நீங்கள்? உங்களுக்கும் வழி இருக்கிறது. 21 வயது நிறைந்து, ஐந்து வருட வயரிங் அனுபவம் இருந்தால், அரசு ஐ.டி.ஐ-களில் நடக்கும் மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வை எழுதலாம். அறிவிப்பு செய்தித்தாள்களில் வரும்.

பெண்கள் சேரலாமா?

தாராளமாக. ஐ.டி.ஐ சேர்க்கையில் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. திருமணமாகி, குழந்தைகள் வளர்ந்த பிறகு சேர்கிறவர்களுக்கும் இடம் உண்டு. சென்னை கிண்டியில் இருப்பதுபோல மகளிருக்கென்றே அரசு ஐ.டி.ஐ-களும் இருக்கின்றன. பகலில் பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஒரு பெண் எலக்ட்ரீஷியன் வந்தால், அந்த வீட்டுக்கு அது பெரிய நிம்மதி.

எப்படி விண்ணப்பிப்பது?

பத்தாம் வகுப்பு ரிசல்ட்டை ஒட்டி, வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் இணையதளத்தில் விண்ணப்பம் தொடங்கும். மதிப்பெண் சான்றிதழ், டி.சி, சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோவைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் தடுமாற்றமாக இருந்தால், பக்கத்து அரசு ஐ.டி.ஐ-யின் சேர்க்கை உதவி மையத்துக்கு நேரிலேயே போகலாம். கலந்தாய்வில் விட்டுப்போனால், காலி இடங்களுக்கு நடக்கும் நேரடிச் சேர்க்கையையும் கேட்டு வையுங்கள். போகும்போது அப்பா, அம்மாவையும் கூட்டிப்போய் அந்தப் பட்டறையைக் காட்டுங்கள். ‘எதுக்கு ரெண்டு வருஷம்?’ என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.