இலைக்கடியில் தப்பிய வெண்டை

வெண்டைப் பூவுக்கு ஆயுள் ஒரு நாள். காலையில் விரியும், வெளிர்மஞ்சளில் ஐந்து இதழ், அடியில் கருஞ்சிவப்பு. பொழுது சாய்வதற்குள் வாடிச் சுருண்டுவிடும். பூ போன இடத்தில் நிற்கும் பிஞ்சு நான்கிலிருந்து ஆறு நாளில் பறிப்புக்கு வந்துவிடுகிறது. அதனால்தான் வெண்டை போட்டவர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கிறார்கள். ஒரு பறிப்பில் தப்பிய காய் அடுத்த பறிப்புக்குள் முற்றிவிடும்.

நாம் பின்தொடரப்போவது அப்படித் தப்பிய ஒன்றை. அகன்ற இலைக்குக் கீழே, தண்டோடு ஒட்டி நின்றதால் அது கண்ணில் படவில்லை. பறிக்கிறவரையும் குறை சொல்ல முடியாது. வெண்டையின் சுனை பட்டால் கை அரித்துத் தள்ளும். விரலில் துணி சுற்றிக்கொண்டு, வெயில் ஏறுமுன் சால் சாலாக ஓட வேண்டிய வேலை. அடுத்த பறிப்பில் அகப்பட்டபோது அது ஒரு சாண் நீளம். விலை போகாது என்று தெரிந்தும் எடைக்கு உதவட்டுமே என்று சாக்கில் விழுந்தது. விவசாயியின் அந்தச் சின்னத் தந்திரம் இல்லாவிட்டால் இந்தக் கதை வயலிலேயே முடிந்திருக்கும்.

திண்டுக்கல் பக்கத்துக் காய் என்றால் ஒட்டன்சத்திரம் சந்தை. அங்கே குவியும் காய்கறியில் பெரும்பங்கு கேரளத்துக்கு லாரி ஏறுகிறது. நம் காய் அவ்வளவு தூரம் போகவில்லை. பக்கத்து ஊர்க் கடைக் கூடையோடு நின்றுவிட்டது. கூடைக்கு வருகிற ஒவ்வொருவரும் வெண்டையின் நுனியை ஒடித்துப் பார்ப்பார்கள், கடைக்காரர் “ஒடிக்காதீங்கம்மா” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். சட்டென்று ஒடிந்தால் பைக்குள். வளைந்து கொடுத்தால் மறுபடி கூடைக்குள். இது வளைந்தது. பலமுறை வளைந்தது. கடைசியில் அங்கன்வாடிக்கு மொத்தமாக நிறுத்த காயோடு சேர்ந்து போனது.

அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. சோறும் பாடமும் ஒரே கூரைக்குக் கீழே என்பது அதன் ஏற்பாடு. அதனால் ஒரு காய் சமையலறையிலிருந்து வகுப்புக்குப் போக நாலு எட்டு வைத்தால் போதும். சாம்பாருக்கு நறுக்க உட்கார்ந்த ஆயாம்மா முற்றலை ஒதுக்கினார். பிள்ளைகள் சாயம் தொட்டுத் தாளில் அச்சுக் குத்த டீச்சர் அதை எடுத்துக்கொண்டார்.

சாப்பிடுகிற பொருளை வைத்து விளையாடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். இளங்காயைச் சாயத்தில் முக்குவதில் எனக்கும் சம்மதமில்லை. ஆனால் அச்சுக்கு இளங்காய் ஆகவும் ஆகாது. அதன் சுவர் மெலிசு. பிள்ளை அழுத்தினால் நசுங்கிக் கொழகொழத்துப் போகும். சமையலுக்குத் தள்ளுபடியான முற்றலில்தான் விளிம்பு விறைப்பாக நிற்கிறது. ரொம்பவும் முற்றி நாராகிவிட்டால் கத்தி இறங்காது, வெட்டு முகம் பிசிராகும். அந்த இரண்டுக்கும் நடுப்பட்ட காய் வேண்டும்.

டீச்சர் குறுக்கே ஒரே வெட்டாக வெட்டினார். காம்புப் பக்கம் இருந்த பாதியை எடுத்துக்கொண்டார். காம்பு இருந்தால் சின்னக் கைக்குப் பிடி கிடைக்கும். வெட்டியதும் சாயத்தில் தொட்டால் காரியம் கெடும்: வழவழப்பு சாயத்தைப் பிடிக்க விடாது, தாளில் வழுக்கிக்கொண்டு போகும். வெட்டு முகத்தைத் துணியில் ஒற்றி, கொஞ்ச நேரம் காற்றாட வைக்க வேண்டும். சாயமும் கெட்டியாக வேண்டும். மஞ்சள்தூளை மைதாப் பசையில் குழைத்தாலே போதும், கை வாய்க்குப் போனாலும் பயமில்லை. அதைக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தால் பிள்ளை காயை முழுக்காட்டிவிடும். தட்டில் ஈரத் துணியை மடித்துப் போட்டு அதன்மேல் தடவி வைத்தால், தபால் ஆபீஸ் மைப்பெட்டி மாதிரி அளவோடு ஒட்டும்.

முதல் தாள் பாழ். மூன்று வயதுக்காரிக்கு வைத்து எடுக்கத் தெரியாது, இழுப்பாள். தாள் முழுக்க மஞ்சள் கோடு. பக்கத்திலிருந்த நான்கு வயதுக்காரன் சுத்தியல் அடிப்பதுபோல் குத்தினான். சாயம் தெறித்தது, ஆனால் வடிவம் விழுந்தது. “டீச்சர், பூ!”

அவன் சொன்னது பாதி உவமை, மீதி தாவரவியல். பெரும்பாலான வெண்டையில் ஐந்து வரம்பு, உள்ளே ஐந்து அறை. பூ இருந்தபோதே அதன் நடுவிலிருந்த சூலகம் இப்படித்தான் பிரிந்திருந்தது. இதழ் உதிர்ந்த பின்னும் அந்தக் கணக்கு காய்க்குள் தங்கிவிட்டது. பூவரசும் செம்பருத்தியும் பருத்தியும் இதே குடும்பம். ஆறு, ஏழு அறையுள்ள வெண்டையும் உண்டு. ஆகவே தாளில் விழுந்த அறைகளை டீச்சர் எண்ணச் சொன்னது வெறும் எண் பாடமல்ல. ஒரு பிள்ளைக்கு ஐந்தும் இன்னொரு பிள்ளைக்கு ஆறும் வந்தால் இரண்டு பேரும் சரியாகத்தான் எண்ணியிருப்பார்கள். அறைக்குள் விதை இருந்த இடம் தாளில் சில சமயம் புள்ளியாகவும், விதை விழுந்திருந்தால் வெள்ளைக் குழியாகவும் பதியும்.

பத்துப் பதினைந்து குத்துக்குப் பிறகு சுவர்கள் தளர்ந்து பூ கூழாகிவிடும். அப்போது ஒரு வில்லை சீவி எறிந்தால் புது முகம் கிடைக்கும். மறுபடி குத்து, மறுபடி சீவல். காம்பை நெருங்க நெருங்க அறைகள் குறுகி, கடைசியில் பூவே இல்லை. வெறும் வட்டம்தான் விழுகிறது. பிடிக்கவும் காய் போதவில்லை. சுத்தியல்காரன் அந்தத் துண்டை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கட்டைவிரலைத் துணியில் அழுத்தினான்.