அரசியற்றிட்டமும் வன்னி நிலமும்

ஒரு நாட்டின் அரசியற்றிட்டம் மூன்று வழிகளால் மாறும். தான் வகுத்த விதிப்படி திருத்தப்படுதல் ஒன்று. அடியோடு நீக்கப்பட்டுப் புதியது வைக்கப்படுதல் மற்றொன்று. சொல் நிற்கப் பொருள் தேய்தல் பிறிதொன்று. இம்மூன்றையும் இலங்கை கண்டுள்ளது. இம்மாற்றங்களிடையே எவ்விதி நிலைத்தது, எவ்விதி அழிந்தது என்பதை வன்னி நிலத்தின் வரலாறு நன்கு விளக்கும்.

1931 ஆம் ஆண்டு டொனமூர்த் திட்டம் சர்வசன வாக்குரிமையை நல்கியது. அன்று மன்னாரும் முல்லைத்தீவும் அரசாங்க சபைக்கு ஒரே தொகுதியாயின. காடும் குளமும் மிகுந்து மக்கள் ஐதாக வாழும் இந்நிலத்தைத் தலைக்கணக்கால் மட்டும் அளப்பின் அதன் குரல் மெலிதாகவே ஒலிக்கும். 1947 ஆம் ஆண்டுச் சோல்பரித் திட்டம் இக்குறையை ஓரளவு போக்கியது. 75,000 மக்களுக்கு ஓரிடம் என்பதோடு, 1,000 சதுர மைலுக்கு ஓரிடமும் அது வழங்கிற்று. தெரிவுக்குரிய 95 இடங்களுள் 25 நிலப்பரப்பு நோக்கி அளிக்கப்பட்டவை.

அத்திட்டத்தின் 29(2) ஆம் பிரிவு மற்றொரு காவலாகும். ஓரினத்தார்க்கோ சமயத்தார்க்கோ மட்டும் சுமையோ சலுகையோ விதிக்கும் சட்டத்தை அது விலக்கியது. சிறுபான்மையோர் அதனையே பேரரணாக மதித்தனர். ஆயினும் மலையகத் தமிழரின் வாக்குரிமையைப் பறித்த சட்டங்கள் செல்லுமென 1953 இல் பிரிவிக் கவுன்சில் தீர்த்தது. 1964 இல் இலஞ்ச ஆணையாளர் வழக்கில், அப்பிரிவு மாற்றவொண்ணாதது என அதே மன்றம் கருத்துரைத்தது. எட்டாண்டுகளின் பின், 1972 மே 22 ஆம் நாள், பழைய திட்டத்தின் திருத்த விதியைத் தழுவாது அரசியல் நிர்ணய சபை புதிய குடியரசுத் திட்டத்தை நிறுவியது. பேரரண் மறைந்தது.

பரப்புக் கணக்கு மறையவில்லை. 1972 ஆம் ஆண்டுத் திட்டமும் அதனைப் பேணிற்று. 1977 இல் முல்லைத்தீவு தனித் தொகுதியாயிற்று. 1978 ஆம் ஆண்டுத் திட்டம் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைப் புகுத்தியபோது முல்லைத்தீவு வன்னித் தேர்தல் மாவட்டத்துள் அடங்கியது. எனினும் மாகாணத்துக்கு நான்காக 36 இடங்கள் மக்கட்டொகைக்குப் புறம்பாக ஒதுக்கப்பட்டன. ஐதான நிலத்துக்குக் கைகொடுக்கும் நெறி உருமாறி நின்றது.

காரணம் யாது? பரப்புக் கணக்கு வடக்கோடு கிழக்குக்கும் வடமத்திக்கும் ஊவாவுக்கும் பயன் தந்தது. அதனைக் காக்கப் பலர் இருந்தனர். 29 ஆம் பிரிவோ சிலரின் கவசமென்றே எண்ணப்பட்டது.

1987 ஆம் ஆண்டுப் பதின்மூன்றாம் திருத்தம் மாகாண சபைகளைத் தோற்றுவித்தது. வட மாகாண சபைக்கு 2013 இல் தேர்தல் நடந்தது; 2018 இல் அதன் காலம் முடிந்தது. 2019 முடிவதற்குள் ஒன்பது சபைகளின் காலமும் முடிந்து, ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன. திருத்தம் ஏட்டில் நிற்க, அதன் பொருள் தேய்ந்தது. ஆயின் இவ்விழப்பு ஒன்பது மாகாணத்தார்க்கும் பொதுவானது. பரப்புக் கணக்கைக் காத்ததும் அத்தகைய பொதுமையே. மாகாண சபையைத் தமதென எல்லா மாகாணத்தாரும் கொள்ளின் அது நிலைபெறும். வடக்கின் வேண்டுகோளாக மட்டும் நிற்பின் 29 ஆம் பிரிவின் கதியே அதற்கும் நேரும்.