வெள்ளி ரூபாயை உருக்கிச் செய்த கோப்பை



பேரன் யூடியூபில் ரக்பி பார்த்துக்கொண்டிருந்தான். "ஆடுறது இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும். அப்புறம் ஏன் தாத்தா கல்கத்தா கோப்பைன்னு பேரு?" என்று கேட்டான். நான் பாடம் நடத்திய காலத்தில் ஒரு மாணவனும் கேட்காத கேள்வி!

1872 கிறிஸ்துமஸ் அன்று கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் ஒரு ரக்பி ஆட்டம் ஆடினார்கள். இங்கிலாந்துக்காரர் ஒரு பக்கம், மற்ற மூன்று நாட்டார் எதிர்ப்பக்கம். அது பிடித்துப்போய் அடுத்த மாதமே கல்கத்தா ஃபுட்பால் கிளப் தொடங்கினார்கள். ஆனால் வங்காளத்து வெயிலில் அந்த ஆட்டம் தாங்குமா? ஆட்கள் போலோ, டென்னிஸ் என்று நகர்ந்தார்கள். 1878இல் கிளப்பைக் கலைத்தார்கள்.

கையில் மீதிப் பணம் இருந்தது. விருந்து வைத்துத் தீர்த்திருக்கலாம். அவர்கள் அதை 270 வெள்ளி ரூபாயாக எடுத்து, உருக்கி, இந்திய வேலைப்பாட்டில் ஒரு கோப்பை செய்தார்கள். கைப்பிடிகளாக மூன்று நாகப்பாம்புகள், மூடியின் மேல் யானை. அக்காலத்து ரூபாய் ஒரு தோலா எடை. கணக்குப் போட்டுப் பாருங்கள், மூன்று கிலோவுக்கு மேல் வரும். அதை இங்கிலாந்து ரக்பி சங்கத்துக்குக் கொடுத்தார்கள். 1879இல் எடின்பரோவில் முதல் ஆட்டம், சமநிலை. இன்றும் அதற்காக ஆடுகிறார்கள். 1988இல் ஆட்டக்காரர்களே எடின்பரோ தெருவில் கொண்டுபோய் அதை நசுக்கிவிட்டார்கள், அது தனிக்கதை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கிளப் கலைவதற்கு முந்தைய இரண்டு வருடமும் நம் சேலம் ஜில்லாவில் தாது வருஷப் பஞ்சம். நிவாரண வேலையில் கல் உடைத்தவனுக்கு ஒரு கட்டத்தில் நாள்கூலி ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும்தான். 270 ரூபாய் என்றால் 4,320 அணா. கோப்பையைப் பார்க்கும்போது இந்தக் கணக்கும் கூடவே வருகிறது.

ஆனாலும் ஒன்றில் அவர்களைப் பார்த்து எனக்குப் பொறாமை. எங்கள் தெருவிலும் ஒரு சடுகுடு குழு இருந்தது. நான் ஓரத்தில் நிற்கும் ஆள், பாடிப்போக மூச்சு பத்தாது. ஒருத்தன் தறிக்குப் போனான், இருவர் லாரிக்கு, நான் ஆசிரியர் பயிற்சிக்கு. குழு கலைந்தபோது 212 ரூபாய் மிச்சம். ராசிபுரம் போய்ப் பரோட்டா தின்று, சினிமா பார்த்துவிட்டு வந்தோம். பொங்கல் ஆட்டத்தில் ஜெயித்த எவர்சில்வர் குடத்தில் கேப்டன் வீட்டில் வெகுகாலம் தண்ணீர் பிடித்தார்கள். பிறகு பழைய பாத்திரக்காரனிடம் போனதாம்.

"உங்க டீம் போட்டோ இருக்கா தாத்தா?" என்றான் பேரன். இல்லை.

1980ஐ ஒட்டி வெண்ணந்தூர்ப் பக்கம் சடுகுடு ஆடியவர்கள், அவர்கள் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், வீட்டுப் பெட்டியில் ஒரு படம் கிடக்கிறதா என்று பாருங்கள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. கீழே போடுங்கள், யார் யார் என்று பெயர் நான் எழுதுகிறேன்.