மண்ணில் விளைந்த பொன்னொளி

பொன், வெள்ளிப் பாத்திரங்களில் உண்பதையும் பருகுவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. பொன்போல் மின்னும் மட்கலங்கள் பிறந்ததற்கு அத்தடையே காரணம் என்பர் பலர். அது பாதி உண்மையாகவே தோன்றுகிறது. தடை வாங்குவோரின் விருப்பத்தைத் திருப்பியிருக்கலாம். வழியைக் காட்டியதோ எகிப்து, சிரியா நாடுகளின் கண்ணாடித் தொழில். அங்கே கண்ணாடியில் தீட்டப்பட்ட அவ்வண்ணத்தை ஹிஜ்ரி 3ஆம் (கி.பி. 9ஆம்) நூற்றாண்டில் இராக்கின் குயவர்கள் மட்கலத்துக்குக் கொண்டுவந்தனர்.

வெள்ளீயம் கலந்த வெண்பூச்சிட்டுச் சுட்ட கலத்தின்மீது, வெள்ளி, செம்புச் சேர்மங்களை மண்ணோடு குழைத்துத் தீட்டுவர். பின்னர்ப் புகை சூழ்ந்த சூளையில், முன்னதினும் குறைந்த சூட்டில், மீண்டும் சுடுவர். புகை அச்சேர்மங்களின் உயிர்வளியைப் பறித்துக்கொள்ள, உலோகம் நுண்துகள்களாய்ப் பூச்சில் தங்கும். ஆறியபின் மேலே படிந்த மண்ணைத் துடைத்தால் பொன்னொளி தெரியும். சூடும் புகையும் சற்றே பிசகினாலும் உழைப்பெல்லாம் வீண். காஷான் நகரக் குயவர் குடும்பத்தில் தோன்றிய அபுல் காஸிம் 1301இல் இம்முறையைப் பாரசீகத்தில் எழுதிவைத்தார். தொழில் மறைவைக் குடும்பத்தார் காத்துவந்த காலத்தில் இது அரிய செயல்.

துனீசியாவின் கைரவான் பெரிய பள்ளிவாசலில், மிஹ்ராபைச் சூழ்ந்து இவ்வகை ஓடுகள் 100க்கும் மேல் இன்றும் ஒளிர்கின்றன. அவற்றில் பொன் ஒரு குன்றிமணியளவும் இல்லை.