இரண்டு ரூபாய்ப் படம்

எங்கள் தெருவுக்குப் பின்னால் காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு சிறிய இல்லம் இருக்கிறது. அரசாங்கத்தில் கணக்கு எழுதியே தலை நரைத்தவன் என்பதால், ஓய்வுக்குப் பிறகு அதன் வரவு செலவைப் பார்க்கச் சொல்லி என்னையும் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். சென்ற மாதக் கூட்டத்தில், இல்லத்தைப் பற்றி ஐந்து நிமிட வீடியோ எடுத்தால் பிரான்சில் இருக்கும் நம் சொல்தா குடும்பங்களுக்கு அனுப்பலாம், நன்கொடை வரும் என்றார் செயலாளர். எடுப்பவர் கேட்ட தொகை 85,000 ரூபாய். இல்லத்தின் இரண்டு மாத மளிகைக்குச் சமம். சோற்றுக்கென்று கொடுத்த காசில் படம் எடுப்பதா என்று பொருளாளர் கொதித்துவிட்டார்.

மனை வியாபாரி ஒருவர் முழுத் தொகையும் தரத் தயார். பிள்ளைகள் வரிசையாக நின்று அவர் கையால் புதுத்துணி வாங்குவது படத்தின் தொடக்கத்தில் வரவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

"அதனால என்ன சார், காசு வருதில்ல?" என்றார் செயலாளர்.

எனக்கு 'மந்தன்' நினைவு வந்தது. 1976இல் சியாம் பெனகல் எடுத்த இந்திப் படம். குஜராத்தின் பால் கூட்டுறவுச் சங்கங்கள் பற்றியது. தர்ம ஸ்தாபனம் வேறு, கூட்டுறவு வேறு என்று பொருளாளர் சொல்வார். சரிதான். ஆனால் படத்துக்குப் பணம் எங்கே என்ற கேள்வி இரண்டுக்கும் ஒன்றுதான்.

பெனகல் அதற்கு முன் சங்கங்களுக்காகச் செய்திப் படங்கள் எடுத்திருந்தார். அவற்றை ஏற்கனவே சங்கத்தை நம்புகிறவர்களே பார்த்தார்கள். கதைப்படமாக எடுத்தால்தான் மற்றவர்களும் பார்ப்பார்கள் என்று வர்கீஸ் குரியனிடம் சொன்னார். குரியன் கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை லயோலாவிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்து, 1949இல் ஆனந்துக்குப் போனவர். தேவைப்பட்டது ஏறக்குறைய 10 லட்சம் ரூபாய். அந்நாளில் அது பெரிய பணம். குரியன் எந்த முதலாளியையும் தேடிப் போகவில்லை. சங்கங்களில் பால் ஊற்றும் விவசாயிகள் 5 லட்சம் பேர் இருந்தார்கள். ஒரு வேளைப் பாலுக்கு ஆளுக்கு 2 ரூபாய் குறைத்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். கணக்கு முடிந்தது.

இந்த ஏற்பாட்டை ஒரு குமாஸ்தாவாக நான் மிகவும் ரசிக்கிறேன். வசூலிக்க யாரும் வீடு வீடாக அலையவில்லை. தினம் இரண்டு வேளை ஓடும் பட்டுவாடாவிலேயே பிடித்தம் செய்தாகிவிட்டது. படத்தின் தொடக்கத்தில், குஜராத்தின் 5 லட்சம் விவசாயிகள் வழங்கும் படம் என்றே போட்டார்கள்.

இத்தனைக்கும் அது முகஸ்துதிப் படம் இல்லை. ஊரின் சாதிச் சண்டை, மிராசுகளின் சூழ்ச்சி எல்லாம் வருகிறது. சங்கம் தொடங்க வந்த டாக்டர், கடைசியில் ஊரைவிட்டே போகிறார். தங்கள் அழுக்கைக் காட்டும் படத்துக்குத் தாங்களே காசு கொடுத்துவிட்டு, நம் படம் என்று விவசாயிகள் லாரி லாரியாக வந்து பார்த்தார்கள். பிற்பாடு கால்நடை மருத்துவரோடு 16 மில்லிமீட்டர் பிரதியும் ஊர் ஊராகப் போனது, புதுச் சங்கங்கள் தொடங்க.

இதற்கு நேர் எதிரான கதை லண்டனில் நடந்தது. 'சேவ் த சில்ட்ரன்' என்ற குழந்தைகள் நல அமைப்பு, 1969இல் தன் 50ஆம் ஆண்டை ஒட்டிப் படம் எடுக்கச் சொன்னது. பணம், பாதி அமைப்பினுடையது, பாதி ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தினுடையது. எடுத்தவர் கென் லோச். தர்மம் கொடுக்கும் கை, வாங்குகிறவனை எப்படிப் பார்க்கிறது என்று அவர் கேமராவைத் திருப்பிவிட்டார். அமைப்பு அதிர்ந்துபோனது. வழக்கறிஞர்கள் வந்தார்கள். படம் ஆவணக் காப்பகத்தில் அடைபட்டு, 2011இல்தான் மக்கள் கண்ணில் பட்டது. லோச் செய்தது சரியா? கொடுத்தவர்களின் வருத்தமும் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் படத்தில் இருந்த பிள்ளைகளை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

'மந்தன்' 2024இல் புதுப்பிக்கப்பட்டு, கான் விழாவில் திரையிடப்பட்டது. (நம் பத்திரிகைகள் 'கேன்ஸ்' என்று எழுதும். எங்கள் பிரெஞ்சு வாத்தியார் இருந்தால் பிரம்பை எடுத்திருப்பார்.) புதுப்பித்த செலவும் அதே பால்காரர்களின் கூட்டமைப்பு கொடுத்ததுதான்.

கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். பாதிப் பேர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். பொருளாளர் மட்டும், "நமக்கு 5 லட்சம் பேர் ஏது சார்?" என்றார். இல்லை. படித்து வெளியே போன பழைய மாணவர்கள் 200 பேர் இருக்கிறார்கள். அவர்கள் வீடுகள் இருக்கின்றன. மளிகைக் கணக்கைத் தொடாமல், வீடியோவுக்கென்று தனிக் கணக்குத் தலைப்பு, தனி ரசீதுப் புத்தகம் என்று ஒப்புக்கொண்டார்கள். மனை வியாபாரிக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதினேன். அவர் பதில் போடவில்லை.

இன்றுவரை சேர்ந்தது 31,400. முதல் ரசீது, தையல் கடையில் வேலை செய்யும் ஒரு பழைய மாணவிக்கு, 200 ரூபாய். கையெழுத்துப் போட்டு நீட்டினேன். வாங்கிக்கொண்டு, தன்னைச் சுட்டிக் காட்டி, தையல் மெஷினைச் சுற்றுவதுபோல் கையை ஆட்டி, கேமரா பிடிப்பதுபோல் கண்ணருகே விரல்களை வைத்து ஏதோ கேட்டாள். எனக்கு அந்தச் சைகை மொழி வராது. வார்டன் சொன்னார்: "படத்துல நான் தைக்கிறதும் வருமான்னு கேக்கறா."

வரும் என்று தலையை ஆட்டினேன். இன்னும் 53,600 வேண்டும்.