விமான மார்ஷலர் (கொல்கத்தா)

தரையிறங்கி ஊர்ந்து வரும் விமானத்தைக் கைச்சைகையால் அதன் நிறுத்துமிடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துபவர் மார்ஷலர். கொல்கத்தாவில் இவர்கள் வேலை செய்வது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் பன்னாட்டு விமான நிலையத்தில். 1995இல் இந்தப் பெயர் சூட்டப்பட்டாலும் ஊர்க்காரர்கள் பலருக்கு அது இன்னும் டம்டம்தான்.

சைகைகள் உலகுக்கெல்லாம் பொதுவானவை. பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 2ஆம் பிற்சேர்க்கையில் வகுக்கப்பட்டவை. எல்லாமே விமானியின் பார்வையிலிருந்து அமைந்தவை என்பதால் புதிதாகக் கற்பவர் முதலில் தடுமாறுவது இடம் வலத்தில்தான். விமானம் இடப்பக்கம் திரும்ப, எதிரே நிற்பவர் தன் வலக்கையை நீட்டிவைத்து, இடக்கையால் 'வா' என்று அழைக்க வேண்டும். அழைக்கும் வேகமே திரும்பும் வேகம். பக்கவாட்டில் நீட்டிய கைகளை மெல்ல உயர்த்தித் தலைக்கு மேல் குறுக்காக வைத்தால் நில்; சட்டென்று வைத்தால் அவசர நிறுத்தம். பிரேக் போடச் சொல்ல, விரித்த உள்ளங்கையை விமானியின் கண்ணைப் பார்த்தபடி முஷ்டியாக மூடுவார். விமானி கட்டைவிரலை உயர்த்தும்வரை அசையக் கூடாது.

சைகைகளைச் சில நாளில் மனப்பாடம் செய்துவிடலாம். தூரத்தைக் கண்ணால் அளப்பதுதான் நாள்படக் கைவருவது. ஏ320 விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி ஏறக்குறைய 36 மீட்டர். அந்த நுனிகள் விமானியின் இருக்கையிலிருந்து சரியாகத் தெரிவதில்லை. 2024 மார்ச் 27 அன்று இதே நிலையத்தில், ஓடுபாதைக்குள் நுழையக் காத்து நின்ற, சென்னைக்குச் செல்லவிருந்த விமானத்தின் மீது, தர்பங்காவுக்குப் புறப்பட்ட இன்னொரு விமானத்தின் இறக்கை நுனி மோதியது. அது மார்ஷலர் நிற்கும் இடமல்ல. ஆனால் நிறுத்துமிடத்தில் அவர் எதற்காக நிற்கிறார் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. நெரிசலான இடங்களில் இறக்கை நுனிகளைக் கவனிக்கவே தனி ஆள் நிறுத்துவதும் உண்டு.

கொல்கத்தாவின் வானிலையும் சேர்ந்து சோதிக்கும். டிசம்பர், ஜனவரி விடியல்களில் மூடுபனியில் மார்ஷலர் கையிலுள்ள ஒளிரும் கோல்கள் மட்டுமே மங்கலாகத் தெரியும். கோடையில் வடமேற்கிலிருந்து திடீரென வீசும் கால்பைசாகிப் புயல் நின்றிருக்கும் சிறு விமானங்களையே ஆட்டிவிடும். மின்னல் நெருங்கினால் தரைப்பணியை நிறுத்துவது எங்கும் உள்ள வழக்கம்.

வேலைக்குச் சேர்பவருக்குக் காவல்துறைச் சரிபார்ப்பும் பாதுகாப்புப் பயிற்சியும் முடிந்து, நுழைவு அனுமதி அட்டை கிடைத்தால்தான் விமானம் நிற்கும் தளத்தில் கால்வைக்க முடியும். அங்கே முதல் பாடம் எஞ்சின்: விமானத்தின் மேலும் அடியிலும் மின்னும் சிவப்பு விளக்கு அணையும்வரை எஞ்சினை நெருங்கக் கூடாது. 2015 டிசம்பரில் மும்பையில் ஒரு தொழில்நுட்பப் பணியாளரை ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் உள்ளிழுத்துக் கொன்றது.

பயணிகள் ஏறி இறங்கும் பாலம் பொருத்திய நிறுத்துமிடங்கள் பலவற்றில் இப்போது மின்னணுப் பலகையே விமானிக்கு வழிகாட்டுகிறது. பலகை இல்லாத இடத்திலும், அது பழுதான நாளிலும் கோலோடு ஆள் வந்து நிற்கிறார்.