யந்திரம் யாருடையது?

பதுளை செல்லும் புகையிரதப் பாதையில் கடைசிக்கு முந்திய நிலையம் ஹாலிஎல. 1924-ஆம் ஆண்டில் அப்பாதை பதுளையை எட்டியது ஊவாத் தேயிலையைக் கொழும்புக்கு இறக்குவதற்கேயன்றி, அத்தேயிலையைப் பறித்தவர்களின் பிரயாண சுகத்துக்காக அன்று. இன்று அவ்வூரில், கலியாண வீடியோப் படம் பிடித்துக் கொடுக்கும் ஒரு சிறு கடையிலே நாம் கண்ட கணினிதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

கடைக்காரர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த இளைஞர். அக்கணினியை எந்தக் கம்பெனியும் செய்யவில்லை, அவரே பொருத்தினார். தாய்ப்பலகை பதுளையில் வாங்கியது. நினைவகம் கொழும்பில் பழைய சாமான் விற்பவரிடம் பேரம் பேசி எடுத்தது. பெட்டியோ செத்துப்போன வேறொரு கணினியினுடையது. ஆனால் திரையில் ஓடிக்கொண்டிருந்தது, அமெரிக்காவின் அப்பிள் கம்பெனி தன் மாக்கின்டோஷ் கணினிகளுக்கென்றே ஆக்கிய பணிசெயல் முறைமை! வீடியோவைத் தொகுக்க அவர் பழகிய 'ஃபைனல் கட்' என்னும் மென்பொருள் அம்முறைமையில் மட்டுமே இயங்கும். அசல் மாக்கின்டோஷ் வாங்குவதற்கோ பல மாதச் சம்பாத்தியம் வேண்டும். இத்தகைய கலப்புக் கணினிக்கு உலகெங்கும் 'ஹாக்கின்டோஷ்' என்று பெயர்.

"மெசின் நம்மளுதுங்க ஐயா, உள்ள ஓடுறது மட்டுந்தான் அவங்களுது" என்றார் சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்பை நாம் எளிதாகக் கொள்ளவில்லை. நம்முடையது, அவர்களுடையது என்ற கோடு எங்கே விழுகிறது, அதைக் கிழித்தவர் யார் என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு.

பழைய யந்திரங்களில் இக்கோடு இருந்ததில்லை. சாமுவேல் டேவிட்சன் 1881-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் நிறுவிய சிரோக்கோ ஆலையின் உலர்த்திகளும், வில்லியம் ஜாக்சன் வகுத்த தேயிலை அரைக்கும் 'ரோலர்'களும் கப்பலேறி வந்து இலங்கையின் மலைகளில் ஏறின. பல்சக்கரம் தேய்ந்தால் உள்ளூர்ப் பட்டறையில் வார்த்துப் போடலாம்; அச்சு முறிந்தால் ஒட்டலாம். அதற்காகப் பெல்ஃபாஸ்டுக்கு எழுதி அனுமதி கேட்க வேண்டியதில்லை. யந்திரம் தோட்டக் கம்பெனியின் சொத்து, அதனருகே இரவெல்லாம் கண்விழித்தவனுக்கு அதில் ஓர் ஆணியும் சொந்தமில்லை என்பது வேறு விஷயம். விற்று முடிந்த பின் செய்தவனுடைய அதிகாரம் இரும்பைத் தொடர்ந்து வரவில்லை என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

கணினியில் இரும்பு மட்டும் போதாது. அதை இயக்கும் கட்டளைகளும் வேண்டும். 1981-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஐ.பி.எம். கம்பெனி தனது தனிநபர் கணினியை வெளியிட்டது. அவசரத்தில், பிறர் செய்து விற்கும் உறுப்புகளைக் கொண்டே அதைச் சேர்த்திருந்தது. அதன் தனியுரிமையாக நின்றது முக்கியமாக ஒன்றே: கணினியைத் தட்டி எழுப்பும் 'பயோஸ்' என்னும் சிறு நிரல். 1982-ல் தோன்றிய கொம்பாக் கம்பெனி அதற்கும் வழி கண்டது. அந்நிரல் என்னென்ன செய்கிறது என்பதை ஒரு சாரார் குறித்து வைத்தனர். அந்நிரலைக் கண்ணாலும் காணாத மற்றொரு சாரார் அக்குறிப்பை மட்டும் கொண்டு புதிய நிரலை எழுதினர். 1984-ல் பீனிக்ஸ் கம்பெனி இவ்வழியிலே செய்த நிரலை வேண்டியவர்க்கெல்லாம் விற்கத் தொடங்கியதும், யார் வேண்டுமானாலும் ஐ.பி.எம். வகைக் கணினி செய்யலாமென்றாயிற்று, விலை சரிந்தது. ஹாலிஎலயில் ஓர் இளைஞர் தம் கையால் கணினி பொருத்த முடிகிறதென்றால், அதன் வேர் இங்கேதான் இருக்கிறது. முதலாளிகள் தம்முள் பொருதியபோது, அவர்கள் நினையாமலே பொதுஜனத்துக்குக் கிடைத்த ஆதாயம் இது.

அப்பிள் இப்பாதையில் வரவில்லை. 1984-ல் வந்த மாக்கின்டோஷில் உடலையும் உயிரையும் ஒருவரே விற்றனர். 1995-ல் மனம் இளகி, பவர் கம்பியூட்டிங் முதலிய சில கம்பெனிகளுக்கு முறைமையை உரிமம் கொடுத்தனர். 1997-ல் ஸ்டீவ் ஜொப்ஸ் திரும்பி வந்ததும் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார். பவர் கம்பியூட்டிங்கின் மாக்கின்டோஷ் வியாபாரத்தை 10 கோடி டொலர் மதிப்புள்ள பங்குகள் கொடுத்து வாங்கி மூடினார்.

பூட்டு ஆட்டங்கண்டது 2005 ஜூன் 6-ஆந் தேதி. இனித் தமது கணினிகளிலும் இன்டெல் சிப்களையே வைப்பதாக ஜொப்ஸ் அன்று அறிவித்தார். பதுளைக் கடையில் கிடைக்கும் கணினிக்கும் மாக்கின்டோஷுக்கும் இதயம் ஒன்றாகிவிட்டது! நிரலாளர்களுக்கென அனுப்பிய முன்னோட்டப் பதிப்பு சில மாதங்களுக்குள் வெளியே கசிந்தது. அதைச் சாதாரணக் கணினிகளில் ஓட்டிக் காட்டினர் சிலர். 2006 ஏப்ரலில் அப்பிளே 'பூட் காம்ப்' என்ற நிரலை வெளியிட்டு, தன் கணினியில் மைக்ரோசொஃப்டின் விண்டோஸ் குடியேற வழி செய்தது. விருந்தாளி வரலாம், வீட்டுப் பெண் வாசல் தாண்டலாகாது என்ற பழைய ஆசாரம்தான் நமது நினைவுக்கு வருகிறது.

அந்த வாசற்காவல் எவ்வாறு அமைந்தது? மாக்கின்டோஷில் வெப்பத்தையும் விசிறியையும் கவனிக்கும் சிப் ஒன்றுண்டு. முறைமையின் சில பகுதிகள் சங்கேதமாக்கப்பட்டிருக்கும். அவற்றின் திறவுகோல் அந்தச் சிப்பினுள்ளே கிடக்கும். அதைக் கேட்டு வாங்கும் கோப்புக்குக் கம்பெனி இட்ட பெயரே 'மாக் ஓ.எஸ். எக்ஸைத் திருடாதே' என்பதாகும். ஹாக்கின்டோஷ்காரர்கள் அச்சிப் இருப்பதுபோலவே பதிலிறுக்கும் நிரலொன்றை எழுதினர். அடுத்தது துவக்கி: முதலில் குளோவர் முதலியன, 2019 முதல் ஓப்பன்கோர். முறைமைக்கு முன்னதாக இது விழித்தெழுந்து, தாய்ப்பலகை தரும் உறுப்புப் பட்டியலைத் திருத்தி, 'இது இன்ன மாதிரி மாக்கின்டோஷ்' என்று சாட்சி சொல்லும். பொய்ச்சாட்சிதான், மறுப்பதற்கில்லை. அத்தோடு தொல்லை தீர்ந்ததா? ஓசைக்கு ஒரு நிரல், வலையிணைப்புக்கு ஒரு நிரல். தூங்கவிட்ட கணினி சில வேளை எழும்பாது. 2018-ல் மொஹாவி என்னும் பதிப்பு வந்தபோது என்விடியாப் பட அட்டைகள் பல ஒரே நாளில் பயனற்றுப் போயின. இவற்றுக்கெல்லாம் பரிகாரம் கண்டவர்கள் பல தேசங்களில், பெரும்பாலும் சம்பளமின்றி, தம் ஓய்வு நேரத்தைச் செலவிட்டவர்கள்.

திருட்டென்று சொல்பவர்கள் ஒன்றை மறக்கலாகாது. அப்பிள் முறைமையின் அடித்தளம் வானத்திலிருந்து இறங்கியதன்று. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலும், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலும் ஆராய்ச்சியாளர்களும் மாணவர்களும் ஆக்கிய நிரல்கள் அதன் அஸ்திவாரம். அந்த ஆராய்ச்சிக்கு அமெரிக்கப் பாதுகாப்பு இலாகா பணம் கொடுத்தது. அதாவது, வரி செலுத்திய ஜனங்கள் கொடுத்தார்கள். அடித்தளத்தின் மூலநிரலை 'டார்வின்' என்ற பெயரில் அப்பிள் வெளியிட்டே வந்திருக்கிறது. பூட்டு மேல்மாடிக்குத்தான்.

2008 ஏப்ரலில் புளோரிடாவிலிருந்து சைஸ்டார் என்ற கம்பெனி, அப்பிள் முறைமை ஏற்றிய கணினியை 399 டொலருக்கு விற்க முன்வந்தது. ஜூலையில் அப்பிள் வழக்குத் தொடுத்தது. 2009 நவம்பரில் நீதிபதி வில்லியம் அல்சப் அப்பிளுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 2011-ல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பிறர் எழுதிய நிரல்களை அள்ளிக் காசாக்க முனைந்த சைஸ்டாருக்காக நாம் கண்ணீர் விடவில்லை. ஆனால் மேன்முறையீட்டில் நிலைபெற்ற நியாயம் நம்மைத் தொடுகிறது: முறைமை விற்கப்படவில்லை, உபயோகிக்க உரிமம் மாத்திரமே தரப்படுகிறது, எந்த யந்திரத்தில் உபயோகிக்கலாம் என்பதையும் கம்பெனியே நிபந்தனையாக விதிக்கலாம்.

காசு கொடுத்தும் உடைமை இல்லை. நிபந்தனைப்படி இருந்து கொள்ளலாம். இந்த ஏற்பாடு ஊவாத் தோட்டங்களில் எவருக்கேனும் புதிதா? கடன் எழுதிய 'துண்டு' இல்லாமல் தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் போக முடியாதிருந்தது. அக்கடனைத் தீர்க்கும் தோட்டமே அவனை ஏற்கும். துண்டு முறையை 1921-ல் சட்டம் ஒழித்தது. லயக்காம்பராவோ இன்னும் நிற்கிறது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தும் பெரும்பாலோர் கையில் உறுதிப்பத்திரம் இல்லை. கூரையை நீட்டித் திண்ணை கட்டவும் தோட்ட நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். கணினி உரிமத்தை இந்த வாழ்வோடு ஒப்பிடுவது மிகை என்பது நமக்குத் தெரியும். பசியும் பிரம்படியும் வேறு. ஆயினும், வேலிக்குள் ஒருவனை நிறுத்தும் பத்திரத்தின் வாசகம் பெரிதும் மாறவில்லை.

ஹாக்கின்டோஷை விடுதலையென்று நாம் கொண்டாடவுமில்லை. அது அப்பிளின் வாசலிலேயே காத்து நிற்கும் சாமர்த்தியம். வாசலை இடம் மாற்றினால் சாமர்த்தியமும் தீர்ந்தது. 2020-ல் அப்பிள் தன் சொந்தச் சிப்களுக்கு மாறத் தொடங்கியது. 2025-ல் வந்த டாஹோ பதிப்பே இன்டெல் கணினிகளுக்குக் கடைசி என்று அறிவித்துவிட்டது. மறுபுறம் மைக்ரோசொஃப்டும் 2025 அக்டோபர் 14-ஆந் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழமையான ஆதரவை நிறுத்தியது. அடுத்த பதிப்புக்குத் தகுதியில்லையெனத் தள்ளப்பட்ட கணினிகளில் நன்றாக ஓடுபவையும் உள. 1991-ல் பின்லாந்து மாணவர் லினுஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸோ யாருடைய யந்திரத்தையும் அடையாளம் கேட்பதில்லை.

அதை ஏன் பாவிக்கவில்லை என்று இளைஞரைக் கேட்டோம். இரண்டாவது வட்டில் ஏற்றிப் பழகி வருகிறாராம்; ஆனால் கலியாண மாதத்தில் கைப்பழக்கத்தை மாற்ற முடியுமா என்று திருப்பிக் கேட்டார். அன்று மாலை ஒரு படத்தை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. முறைமையைப் புதுப்பித்ததில் ஓசை போய்விட்டது. துவக்கியின் பட்டியலில் ஓசைக்குரிய எண்ணை ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் கணினியை மீண்டும் இயக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதாவது முறை நாதஸ்வரம் கேட்டது.